ஆண்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு இரண்டு கண்ணும் வெளிச்சத்தைத் தாங்கவில்லை. மாத்திரையால் இருக்குமா?

இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் நடக்கிற விஷயம். நெஞ்சுச்சளிக்கு ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டு முடித்த கொஞ்ச நாளில் இரண்டு கண்ணும் சிவந்து கூசுகிறது, கண்மணி விரிந்தே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் போங்கள். மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் கையோடு எடுத்துப் போங்கள். இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், எங்கள் அண்ணிக்கு வந்ததும் இதுவேதான்.

அண்ணி மலேசியாவில், பினாங்கு மாநிலத்து பட்டர்வொர்த் பக்கம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நுரையீரல் தொற்றுக்கு மொக்ஸிஃப்ளோக்சசின் என்ற ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்கள். இருமல் நன்றாகவே அடங்கியது. அதன் பிறகு கண் தொடங்கியது. வகுப்பறை டியூப்லைட்டே வலித்தது, பையன்களின் நோட்டுப் புத்தகத்தில் எழுத்து கலங்கியது, ராத்திரியில் பினாங்குப் பாலத்தில் எதிரே வரும் வண்டி விளக்கைப் பார்க்க முடியாமல் காரோட்டுவதையே விட்டுவிட்டார். முதலில் காட்டிய இடத்தில் யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி என்று சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மருந்து தந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்லிட் லாம்ப் என்ற கண் பரிசோதனை விளக்கில் பார்த்தால் யுவியைட்டிஸும் அண்ணிக்கு வந்ததும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, கண்ணின் முன்பக்க நீரில் பொடிப்பொடியாக ஏதோ மிதக்கும். யுவியைட்டிஸில் மிதப்பவை அழற்சி அணுக்கள். அண்ணியின் கண்ணில் மிதந்தவை ஐரிஸிலிருந்து, அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்திலிருந்து, உதிர்ந்த நிறமித் துகள்கள். பினாங்குத் தீவுப் பக்கம் இரண்டாவதாகப் பார்த்த நிபுணர்தான், “போன மாசம் என்ன மருந்து சாப்பிட்டீங்க, டீச்சர்?” என்று கேட்டார்.

இதற்கு பைலேட்டரல் அக்யூட் ஐரிஸ் டிரான்ஸ்இல்லுமினேஷன் என்று பெயர். சுருக்கமாக பி.ஏ.ஐ.டி. ஐரிஸின் பின்புறம் வெளிச்சத்தைத் தடுக்கும் கரிய நிறமிப் பூச்சு ஒன்று உண்டு. அது உதிர்ந்துவிட்டால், நைந்த குடைத்துணியில் வெயில் புகுவதுபோல் ஐரிஸ் வழியாகவே வெளிச்சம் உள்ளே போகும். கண்மணியைச் சுருக்கும் தசையும் சேர்ந்து பழுதாவதால் கூச்சம் இரட்டிப்பாகிறது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் கண்மணி பெரிதாக இருப்பது மட்டும்தான் தெரியும். நிறமி போன இடம் மருத்துவரின் விளக்கில்தான் தெரியும். இதற்கு உடன்பிறப்பு போல இன்னொன்று இருக்கிறது, பைலேட்டரல் அக்யூட் டிபிக்மென்டேஷன் ஆஃப் தி ஐரிஸ், சுருக்கமாக பி.ஏ.டி.ஐ. அதில் ஐரிஸின் முன்புறம் வெளுக்கும், கண்மணி பெரும்பாலும் வழக்கம்போலவே வேலை செய்யும், நிறம் மெல்லத் திரும்பவும் கூடும்.

மாத்திரைதான் காரணமா என்ற உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில்: சந்தேகம் வலுவானது, நிரூபணம் இல்லை. துருக்கியைச் சேர்ந்த இல்க்னூர் துகல்-துட்குன் குழுவினர் 2011இல் 26 நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரையில் பெரும்பாலோர் ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள். ஆனால் பெரும்பாலோருக்கு அதற்கு முன்பு சளிக்காய்ச்சலும் இருந்திருக்கிறது. தொற்று செய்ததா, மருந்து செய்ததா என்று பிரிப்பது இதனால்தான் கஷ்டம். மருந்தே சாப்பிடாதவர்களுக்கும் வந்திருக்கிறது. இருந்தாலும் மொக்ஸிஃப்ளோக்சசின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அது சேர்ந்த ஃப்ளோரோகுவினோலோன் குடும்பத்து மருந்துகள் மெலனின் என்ற கரிய நிறமியோடு ஒட்டிக்கொள்ளக் கூடியவை, ஐரிஸில் மெலனின் நிறைய என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனசில்லை.

கூச்சத்தைவிட நான் பயப்படுவது கண் அழுத்தத்துக்கு. உதிர்ந்த நிறமி, கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேறும் வடிகாலை அடைத்துக்கொள்ளும். சாதாரணமாக 10இலிருந்து 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் அழுத்தம் மிக அதிகமாக ஏறலாம். கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பு கெட்டு குளுக்கோமா ஆகிவிடும். சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறது. நீண்ட நாள் போடும் ஸ்டீராய்டு சொட்டும் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அதனால் ஒவ்வொரு தடவை போகும்போதும் அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள், எண்ணை எழுதி வையுங்கள். அண்ணிக்கு அழுத்தம் சொட்டு மருந்திலேயே இறங்கியது. கண்மணி மட்டும் பழைய அளவுக்கு வரவில்லை, வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி வேண்டும். ஆனால் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்.

நீங்கள் முடித்துவிட்டீர்கள்; ஆனால் இதைப் படிக்கும் வேறு யாராவது அந்த மருந்தை இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கெல்லாம் மொக்ஸிஃப்ளோக்சசின் உயிர் காக்கிற மருந்து. எழுதிக் கொடுத்த டாக்டரைக் கூப்பிட்டுக் கண் நிலைமையைச் சொல்லுங்கள், மாற்று உண்டா என்று அவர் முடிவு செய்வார். நம் ஊரில் பல கிளினிக்குகளில் மருந்தை அங்கேயே பையில் போட்டுத் தருவதால் பெயரை யாரும் கவனிப்பதில்லை. பை போய்விட்டால் கிளினிக்கில் கேளுங்கள், பதிவில் இருக்கும். பக்கவிளைவு என்று மருத்துவர் சந்தேகித்தால், மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.வுக்குப் பொதுமக்களே அனுப்பக்கூடிய கான்செர்ஃப் என்ற பக்கவிளைவுப் படிவம் இருக்கிறது. அண்ணிக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்தேன், நீங்களும் அனுப்புங்கள்.