லாக் போனா, அன்லாக் போனா? அமெரிக்காவில் போன் வாங்குகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் ஆகிய சிம் நிறுவனங்களின் (கேரியர்) கடைகளில் தவணையில் எடுக்கும் போன் அந்தந்த நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டித்தான் வரும். ஆப்பிள், சாம்சங், கூகுளிடம் நேரடியாகக் காசு கொடுத்து வாங்கினால் பூட்டில்லாமல் வாங்கலாம். எதை எடுப்பது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

டல்லாஸ் நண்பர்: ஏடி அண்ட் டி-யில் தவணையில் எடுத்த ஐபோன் 14. ஊருக்குப் போகும்போது அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். ஜியோ சிம் வேலை செய்யுமா அண்ணா?

தவணை பாக்கி இருக்கும் வரை வேலை செய்யாது தம்பி. ஏடி அண்ட் டி-யில் முழுத் தொகையும் கட்டியிருக்க வேண்டும், போனும் குறைந்தது 60 நாள் உபயோகத்தில் இருந்திருக்க வேண்டும். டி-மொபைல் என்றால் முழுத் தொகையோடு 40 நாள். வெரைசன் நெடுங்காலமாக 60 நாளில் தானாகவே பூட்டைத் திறந்துவிட்டு வந்தது. 2008-ல் ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையோடு வந்த, போனைப் பூட்டக் கூடாது என்ற நிபந்தனையின் தொடர்ச்சி அது. அதை நீக்கச் சொல்லி 2025-ல் மனுப் போட்டார்கள். அதனால் பழைய 60 நாள் கணக்கை நம்பாமல், வாங்கும் அன்றைக்கு என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டினால் பூட்டு தானாகத் திறந்துவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். ஏடி அண்ட் டி-யின் இணையதளத்தில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்து நாம்தான் கேட்க வேண்டும். *#06# அழுத்தினால் அந்த எண் வரும். ஒப்புதல் வந்ததும் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் போய்க் கீழே வாருங்கள். கேரியர் லாக் என்ற இடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். வேறு என்ன எழுதியிருந்தாலும் போன் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.

இதையெல்லாம் விமானம் ஏறும் முன் முடித்துவிடுங்கள். ஊரில் உட்கார்ந்துகொண்டு இரவு இரண்டு மணிக்கு அமெரிக்க கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, இங்கே உள்ள நம்பருக்கு வரும் ஓடிபி-க்காகக் காத்திருப்பது பெரும்பாடு.

இன்னொன்று, பலரும் மறப்பது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதல் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். அப்பாவின் ஜியோ நம்பரை இ-சிம்மாக மாற்ற வேண்டும். அதற்கான ஓடிபி பழைய சிம்முக்குத்தான் வரும் என்பதால் பழைய போனும் பக்கத்தில் இருக்கட்டும். சார்ஜ் தீர்ந்தால் சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போட்டுக்கொள்கிற பழக்கம் அப்பாவுக்கு இருந்தால், இனி அது நடக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தட்டு வேண்டும் என்றால் ஐபோன் 13-ஓ அதற்கு முந்தையதோ எடுங்கள்.

அட்லாண்டா சகோதரி: பழைய போனைக் கொடுத்தால் 800 டாலர் போன் இலவசம் என்கிறார்கள். அப்புறம் எதற்கு முழு விலை கொடுத்து அன்லாக் போன் வாங்க வேண்டும்?

அந்த 800 டாலரை உங்கள் கையில் யாரும் கொடுப்பதில்லை. பெரும்பாலும் 36 மாதத்துக்குப் பிரித்து, மாதம் 22 டாலர் சொச்சம் பில்லில் கழிப்பார்கள். நடுவில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் கழிவு அன்றோடு நின்றுவிடும், மீதித் தவணை முழுவதும் உங்கள் தலையில் விழும். சலுகை பெரும்பாலும் விலை கூடிய பிளானுக்குத்தான். ஒற்றை நம்பருக்கு அந்தப் பிளானுக்கும் மின்ட் போன்ற சிறிய நிறுவனத்தின் பிளானுக்கும் மாதம் 40 டாலர் வித்தியாசம் என்று வையுங்கள். 36 மாதத்தில் 1,440 டாலர். இலவச போனுக்கு அதன் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டியிருப்பீர்கள்.

நியூ ஜெர்சி நண்பர்: இந்தக் கணக்கு ஒண்டிக்கட்டைக்குச் சரி. எங்கள் வீட்டில் ஐந்து லைன். ஆளுக்கு 30 டாலர்தான் வருகிறது. ஐந்து போனும் இலவசம். நீங்கள் ஏன் எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள்?

பயமுறுத்தவில்லை. லைன் கூடக் கூட ஆளுக்கு விலை குறையும், உண்மை. மூன்று வருஷம் ஒரே நிறுவனத்தில் இருப்போம், ஊருக்குப் போனாலும் இந்த போனைத்தான் வைத்துக்கொள்வோம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் உங்கள் கணக்கு சரியாக வரும். அதை எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவாகச் சொல்லாதீர்கள். எச்-1பி வேலை விசாவில் இருக்கிற, அடுத்த வருஷம் எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாத ஒரு குடும்பம் ஐந்து போனுக்கு 36 மாதம் கட்டுப்படுவது வேறு விஷயம். வேலை போய் ஊர் திரும்ப நேர்ந்தால், ஐந்து போனின் மீதித் தவணையும் ஒரே பில்லில் வந்து நிற்கும். கட்டி முடிக்காமல் ஒரு போனைக்கூடத் திறக்க மாட்டார்கள்.

அதே நண்பர்: அப்படிப் பார்த்தால் யாரும் கார்கூடத் தவணையில் வாங்க முடியாது.

காரை விற்றுக் கடனை அடைக்கலாம். தவணை பாக்கியுள்ள போனை நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார். நீங்கள் கட்டாமல் விட்டால் அந்த ஐஎம்இஐ கறுப்புப் பட்டியலுக்குப் போகும், அவர் கையில் சிக்னல் நின்றுவிடும். எனக்கு உறுத்துவது இதுதான். இரண்டாம் கையாக வாங்குகிறவர் பெரும்பாலும் நம்மைவிடக் கையில் காசு குறைந்தவர்.

அட்லாண்டா சகோதரி மறுபடியும்: சரி, எங்களுக்கு இரண்டே லைன். முழு விலை ஒரேயடியாகக் கொடுக்க முடியவில்லை. என்ன செய்ய?

ஆப்பிள் கடையில் வாங்கும்போது கேரியரைப் பிறகு இணைத்துக்கொள்வதாகத் தேர்ந்தெடுத்தால் அன்லாக் போனாகத் தருவார்கள். ஆப்பிளின் சொந்த கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணையும் உண்டு, ஆனால் அதற்கு வாங்கும்போதே ஒரு கேரியரை இணைக்கச் சொல்வார்கள், அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் போன வருஷத்து மாடலை எடுங்கள். வாட்ஸப், பேங்க், யூட்யூப் பார்க்கிறவருக்கு ஒரு வருஷப் பழைய மாடலில் குறையே தெரியாது.

ஹூஸ்டன் நண்பர்: டி-மொபைல் ஐபோன் 15, அம்மாவுக்கு இந்தியாவில் கொடுக்கலாமா?

டல்லாஸ் நண்பருக்குச் சொன்னதுதான். 60-க்குப் பதில் 40 நாள்.

பீனிக்ஸ் வாசகி: அமெரிக்க போன் நம் ஊரில் 5ஜி எடுக்குமா?

எடுக்கும். அங்கே 5ஜி பெரும்பாலும் என்78 அலைவரிசையில் ஓடுகிறது, ஜியோ என்28-ம் வைத்திருக்கிறது. ஐபோன் 14-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் இரண்டும் உண்டு.

சென்னை நண்பர்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் அமெரிக்க ஐபோன் 13 சல்லிசாகத் தருகிறார்கள். சிம்முக்குக் கீழே மெல்லிய சிப் ஒன்று ஒட்டியிருக்கிறது. அன்லாக்தான் என்கிறார் கடைக்காரர்.

வாங்காதீர்கள். சிப்பை எடுத்துவிட்டு உங்கள் சிம்மை மட்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஆக்டிவேட் ஆகாது. உள்ளே இருப்பது அமெரிக்க சிம் என்று போனை நம்பவைப்பதுதான் அந்தச் சிப்பின் வேலை. ஐஓஎஸ் அப்டேட் ஒன்று வந்தால் சிக்னல் போகலாம், ரீசெட் செய்தால் மறுபடி கடைக்கே ஓட வேண்டியிருக்கும். பூட்டு எங்கேயும் போகவில்லை, அப்படியே இருக்கிறது.

மதுரை வாசகர்: உறவினர் அனுப்பிய போனில் சிம் லாக் இல்லை என்று காட்டுகிறது. ஆனால் ஆன் செய்ததும் யாரோ ஒருவரின் ஆப்பிள் ஐடி கேட்கிறது.

அது ஆக்டிவேஷன் லாக் என்ற வேறு பூட்டு. சிம் லாக்கைத் திறப்பது நிறுவனம். ஆக்டிவேஷன் லாக்கைத் திறக்கப் பழைய சொந்தக்காரர் தன் ஐடியை நீக்க வேண்டும். கறுப்புப் பட்டியல் மூன்றாவது, அது தனி. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் பழைய போன் வாங்க வேண்டும். உறவினரிடம் சொல்லி விற்றவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கடையில் 'திறந்து தருகிறேன்' என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

சான் ஹோசே நண்பர்: அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார். கையில் இந்தியாவில் வாங்கிய ரெட்மி, அன்லாக்தான். ஏடி அண்ட் டி சிம் போட்டால் ஏற்க மறுக்கிறது. ஏன்?

நல்ல கேள்வி. அன்லாக் போன் எங்கேயும் ஓடும் என்று நினைக்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி தன் 3ஜி-யை மூடியது. அதிலிருந்து பேச்சும் 4ஜி வழியாக, வோல்டியில்தான் போக வேண்டும். எந்தெந்த மாடல்களுக்கு அதை அனுமதிப்பது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் இல்லாத போனுக்கு இடமில்லை. அதே நெட்வொர்க்கில் ஓடும் கிரிக்கெட் என்ற சிம் நிறுவனத்திலும் இதே தொல்லை வரலாம். டி-மொபைல் நெட்வொர்க்கில் ஓடும் மின்ட் போன்ற ஒன்றில் முயன்று பாருங்கள். அவர்கள் இணையதளத்தில் ஐஎம்இஐ கொடுத்தால் போன் ஏற்குமா என்று சிம் வாங்கும் முன்பே காட்டிவிடும்.

சியாட்டில் நண்பர்: ஏடி அண்ட் டி ஐபோன், இந்தியாவுக்கு...

மேலே இருக்கிறது. முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

டொரன்டோ வாசகி: கனடாவில் எப்படி?

2017 டிசம்பர் 1 முதல் அங்கே பூட்டிய போன் விற்கக் கூடாது. பழைய போனையும் காசு வாங்காமல் திறந்து தர வேண்டும். பிரிட்டனும் 2021 டிசம்பரில் தடை செய்துவிட்டது. அமெரிக்காதான் இன்னும் இழுக்கிறது.

சிகாகோ நண்பர்: சாம்சங்கில் யு, யு1 என்று இரண்டு போடுகிறார்களே?

மாடல் எண் யு என்று முடிந்தால் கேரியருக்காகச் செய்தது, யு1 என்றால் அன்லாக். யு-வில் ஆன் செய்ததும் நிறுவனத்தின் சின்னம் வரும், கேட்காத ஆப்களும் கூடவே வரும். பூட்டைத் திறந்தாலும் அவை உடனே போய்விடாது. முழுக்காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் யு1-ஐ எடுங்கள்.

ஆஸ்டின் வாசகர்: பூட்டைத் திறப்பது சட்டவிரோதம் என்கிறார்களே?

2013 ஜனவரி முதல் கொஞ்ச காலம், புதிதாக வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதியில்லாமல் திறப்பது குற்றமாக இருந்தது. மக்கள் பெருமளவில் மனுப் போட்டு எதிர்த்தார்கள். 2014 ஆகஸ்டில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அதை மாற்றியது. இப்போது குற்றமில்லை.

சார்லட் நண்பர்: வெள்ளிக்கிழமை விமானம். ஏடி அண்ட் டி போனில் 14 தவணை பாக்கி. தங்கைக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பணம் இருந்தால் இன்றைக்கே முழுவதும் கட்டுங்கள். கணக்கில் ஏறவே ஓரிரு நாள் ஆகலாம், அதன் பிறகுதான் கோரிக்கை கொடுக்க முடியும். வியாழன் இரவு வரை ஒப்புதல் வரவில்லை என்றால் அந்த போனைத் தங்கையிடம் கொடுக்காதீர்கள். உங்கள் அமெரிக்க சிம்மோடு அது அங்கே ரோமிங்கில் வேலை செய்யும், வைஃபையில் வாட்ஸப்பும் ஓடும், அவ்வளவுக்குத்தான் உதவும். தங்கைக்கு ஊரிலேயே ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாரண்டியும் அங்கேயே கிடைக்கும், சிம் போடத் தட்டும் இருக்கிற மாடலாகப் பார்த்து எடுக்கலாம்.