பேப்பர் மில் வேலைக்கு இனி எதிர்காலம் உண்டா?

அம்மா, செய்தித்தாள் வாங்குவோரே குறைந்துவிட்ட காலத்தில், கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கும் மகன் பேப்பர் மில்லில் சேர வேண்டும் என்கிறானே என்று கேட்டிருந்தீர்கள்.

தீர்ந்துபோன பற்பசைப் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தால் அதன் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். மேலே வழுவழுவென்று வெள்ளைப் பூச்சு, உள்ளே மங்கலாக, சொரசொரப்பாக அடுக்குகள். காகிதத்தின் தேவை இதுபோன்ற பெட்டி அட்டையை நோக்கி நகர்ந்திருக்கிறது. புகளூர் பேப்பர் மில்லான டி.என்.பி.எல். (தமிழ்நாடு நியூஸ்பிரிண்ட் அண்ட் பேப்பர்ஸ்) பெயரிலேயே 'செய்தித்தாள் காகிதம்' இருக்கிறது. தொடங்கிய ஆண்டு 1979. அதே நிறுவனம் 2016-ல் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் போட்டது ஆண்டுக்கு 2 லட்சம் டன் அட்டை ஆலை.

பிளாஸ்டிக் தடையால் பேப்பர் கப்புக்கு யோகம் என்பார்கள். முழுக்க நம்பாதீர்கள். 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் வந்த தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருந்தது. பிளாஸ்டிக் இல்லாமல் ஈரம் தாங்கும் பூச்சு வேண்டும். அது உங்கள் மகன் படிப்புக்கான வேலை.

இன்னொன்று, மரத்தை வெட்டிக் கூழாக்குவது மட்டுமல்ல இந்தத் தொழில். புகளூரில் கரும்புச் சக்கைதான் முக்கிய மூலப்பொருள். சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்தே நீராவி எடுப்பவை. அவற்றுக்கு நீராவியோ மாற்று எரிபொருளோ கொடுத்துச் சக்கையை வாங்குகிறார்கள். கூழ் வேகவைத்த பிறகு மிஞ்சும் கறுப்புத் திரவத்தை, பிளாக் லிக்கர் என்பார்கள், கெட்டியாக்கி ரெக்கவரி பாய்லரில் எரிக்கிறார்கள். நீராவியும் மின்சாரமும் கிடைக்கின்றன, போட்ட ரசாயனமும் திரும்பி வருகிறது. ரசாயனத்தை மீட்கும்போது மிஞ்சும் சுண்ணாம்புச் சேறு சிமென்டாகிறது. ரெக்கவரி, கழிவுநீர், மின்சாரம் ஆகிய மூன்றில் கை தேர்ந்தவன், நாளைக்குப் பேப்பர் தொழில் படுத்தாலும் சர்க்கரை ஆலைக்கோ சிமென்ட் ஆலைக்கோ போய்க்கொள்வான். பேப்பர் மெஷினை மட்டும் தெரிந்தவனுக்கு அது கஷ்டம்.

கஷ்டங்களும் உண்டு. நைட் ஷிஃப்ட் உண்டு. மரக்கூழ் ஆலைகளில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இறக்குமதிக் காகிதம் மலிவாக வந்து இறங்கும் ஆண்டில் லாபம் சுருங்கும், ஆள் எடுப்பது தள்ளிப்போகும். ஐ.டி. நண்பனின் முதல் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் வீட்டில் சண்டைதான் வரும்.

அதனால் இப்போதே முடிவெடுக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் இன்-பிளான்ட் டிரெயினிங் போகட்டும். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு சர்ட்டிபிகேட்டோடு வராமல், பத்து நாளாவது ரெக்கவரி பாய்லர் பக்கம் நிற்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். அந்தச் சூட்டையும் வாசனையையும் பார்த்த பிறகும் போகிறேன் என்றால், தடுக்காதீர்கள்.