டிக்கெட் போனால் போகட்டும், அங்கே மாட்டிக்கொண்டால்?

கேள்வி: வெளிநாட்டில் படிக்கும் மகளின் பட்டமளிப்பு விழா நான்கு மாதத்தில் வருகிறது. நானும் மனைவியும் 68 வயது அம்மாவும் போக நினைக்கிறோம். ஆனால் அந்த நாட்டுக்குப் பக்கத்தில் தொற்றுநோய் பரவுவதாகச் செய்தி வருகிறது. இப்போதே எடுத்தால் டிக்கெட் மலிவு. கையில் ரொக்கம் இல்லாததால் வைப்பு நிதியை உடைக்க வேண்டும். பயணக் காப்பீடு எடுத்துவிட்டால் கவலை இல்லை என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: நண்பர் பாதி சரி. நோய் இன்னும் செய்தியில் வராத காலத்தில் பாலிசி எடுத்திருந்தால் அவர் சொல்வது கிட்டத்தட்ட பொருந்தும். காப்பீட்டு நிறுவனங்கள் எதிர்பாராத இழப்புக்குத்தான் பணம் தரும். ஒரு பரவல் ஊரறிந்த விஷயமாகிவிட்டால், அதற்குப் பிறகு எடுக்கும் பாலிசியில் அந்த நோயால் வரும் ரத்துக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. கொரோனாவின்போது உலகச் சுகாதார அமைப்பு 2020 மார்ச் 11 அன்றுதான் 'பெருந்தொற்று' என்றது. அதற்குள் எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் நிறைய நிறுவனங்கள் ஜனவரி முடிவதற்குள்ளேயே 'தெரிந்த நிகழ்வு' என்று தேதி குறித்து, கதவைச் சாத்திவிட்டன.

இன்னொன்று, பயத்துக்குக் காப்பீடு கிடையாது. விமானம் பறக்கிறது, எல்லை திறந்திருக்கிறது, 'எனக்குத்தான் போகப் பயமாக இருக்கிறது' என்று நீங்களே ரத்து செய்தால் சாதாரண பாலிசியில் ஒன்றும் கிடைக்காது. எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்ற வகை சில நாடுகளில் உண்டு. அதிலும் முழுப்பணம் வராது, பொதுவாக 50 முதல் 75 சதவீதம்தான். முதல் முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும், பிரீமியமும் அதிகம். பாலிசியைப் படிக்கும்போது நன்மைகள் பட்டியலை விட்டுவிட்டு நேராக 'விதிவிலக்குகள்' பக்கத்துக்குப் போங்கள். தொற்றுநோய், அரசின் பயண எச்சரிக்கை, குவாரண்டைன் இந்த மூன்றும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். அரசு 'போகாதீர்கள்' என்று சொன்ன இடத்துக்குப் போனால் பல பாலிசிகள் மருத்துவச் செலவைக்கூடத் தராது.

எனவே காப்பீட்டை விடவும் நான் நம்புவது மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டைத்தான். தேதி மாற்றக் கட்டணம் இல்லாத டிக்கெட், கடைசி நாள்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய தங்குமிடம், இரண்டுக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். மலிவு டிக்கெட் என்பது பெரும்பாலும் பணம் திரும்பாத டிக்கெட்தான். வித்தியாசத்தைக் காப்பீட்டு பிரீமியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு கிளெய்ம் படிவமும் கிடையாது, வாதாட்டமும் கிடையாது.

கிரெடிட் கார்டில் கட்டுங்கள். மாதக் கடைசியில் அடைத்துவிடுவீர்கள் என்றால் மட்டும். சேவை கிடைக்காதபோது வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் வசதி அதில் உண்டு, கால வரம்பு இருப்பதை மறக்காதீர்கள். பிரிட்டனின் ஃப்ளைபீ விமான நிறுவனம் 2020 மார்ச் 5 அன்று ஒரேயடியாகப் பறப்பதை நிறுத்தியது. நிறுவனமே இல்லாமல் போனால் வேறு யாரிடம் போய்ப் பணம் கேட்பது?

நிலைமை மோசமானால் பதறிப்போய் நீங்களே முதலில் ரத்து செய்துவிடாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் டிக்கெட்டின் விதி, விமான நிறுவனம் ரத்து செய்தால் அந்தந்த நாட்டுச் சட்டம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, நிறுவனம் ரத்து செய்தால் காரணம் எதுவானாலும் 7 நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும், பயணி எழுத்தில் சம்மதித்தால்தான் பணத்துக்குப் பதில் வவுச்சர், அதாவது பின்னால் டிக்கெட் வாங்கப் பயன்படும் சீட்டு. அமெரிக்காவிலும் நிறுவனம் ரத்து செய்து நீங்கள் மாற்று விமானத்தை ஏற்காவிட்டால் பணம் உங்களுடையது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு 2020இல் வந்த மின்னஞ்சலைப் பார்த்திருக்கிறேன். 'வவுச்சரைப் பெறுங்கள்' என்று பச்சை நிறத்தில் விரல் அளவு பொத்தான். பணம் திரும்பப் பெறும் வழி கடைசி வரியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில். பச்சையை அழுத்தினார்கள். அந்த வவுச்சர் ஒரு வருடத்தில் காலாவதியானது.

சரி, இவ்வளவு நேரம் பேசியது போகாமல் போனால் வரும் நஷ்டம். அதற்கு ஓர் எல்லை உண்டு. கட்டிய பணத்துக்கு மேல் போகாது. எனக்குக் கவலை அடுத்தது: போய் அங்கே மாட்டிக்கொள்வது. இதற்கு எல்லை தெரியாது. ஓரளவு கணிக்க ஒரு வழி இருக்கிறது. குவாரண்டைன் எத்தனை நாள் என்பது பெரும்பாலும் நோய் உடலுக்குள் பதுங்கியிருக்கும் காலத்தை ஒட்டியே அமையும். கொரோனாவில் முதலில் 14 நாள் என்றார்கள். எபோலாவில் 21 நாள் வரை கண்காணிப்பார்கள். எந்த நோய் என்று நீங்கள் எழுதவில்லை. அதன் அதிகபட்ச நாள் கணக்கைப் பாருங்கள், மூன்று பேருக்கு அத்தனை நாள் தங்கவும் சாப்பிடவும் எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுங்கள். கடைசி நேரத் திரும்பும் டிக்கெட்டையும் அத்துடன் கூட்டுங்கள். சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டியிருந்தால் அதையும் சேருங்கள், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இந்தத் தொகை தொட்டால் கிடைக்கிற இடத்தில், சேமிப்புக் கணக்கில் இருந்தால்தான் பயணம்.

அப்படியென்றால் வைப்பு நிதி? முழுவதையும் உடைக்க வேண்டாம். ஒரு பகுதியை மட்டும் எடுக்க வங்கி அனுமதிக்கிறதா, வைப்பு நிதியின் பேரில் கடன் தருகிறதா என்று கேளுங்கள். சில மாதத் தேவைக்குக் கடன் வட்டி, முன்கூட்டி உடைப்பதால் இழக்கும் வட்டியைவிடக் குறைவாக இருக்கலாம். இரண்டு எண்களையும் எழுதி வாங்கிப் பாருங்கள். குடும்பத்தின் அவசரகால நிதி மட்டும்தான் மிச்சம் என்றால், மூன்று பேர் போக வேண்டாம், ஒருவர் போய்வாருங்கள்.

அங்கே போனபின் பணத்தை எடுக்க முடியாமல் போவது தனிக் கதை. வங்கியின் ஓடிபி ஊர் எண்ணுக்குத்தான் வரும், ரோமிங் இல்லாவிட்டால் ஓடிபி கேட்கும் இடங்களில் கார்டு கையில் இருந்தும் பயனில்லை. வேறு வேறு வங்கியின் இரண்டு கார்டுகள், இருவர் பைகளில். வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரம்பைக் கிளம்புமுன் உயர்த்திவிடுங்கள்.

அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணம் ரத்தானால் பணம் தரும் பகுதி இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, இது வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். பயண நாட்களைவிட மூன்று வாரம் கூடுதலாகப் பாலிசி எடுங்கள், மாத்திரையும் அதே கணக்கில். அவருடைய டிக்கெட்டைத் தனி முன்பதிவாகப் போடுங்கள். தேவைப்பட்டால் அதை மட்டும் ரத்து செய்வது எளிது.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. இந்தச் சூழ்நிலையில் வர அம்மாவுக்கு விருப்பம்தானா? டிக்கெட் போடுமுன் அதைக் கேட்டுவிடுங்கள்.