வரிசை இல்லாத ஏபிஐ ஏன் உறைந்து நிற்கிறது?

கேள்வி: 700 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரி ஒன்றை டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நூலகத்தில் மாதிரியை இயக்கும் பைப்லைன் வழியாக ஏற்றி, ஃபாஸ்ட்ஏபிஐ என்னும் பைத்தான் வலைச்சட்டகம் மூலம் வலைச்சேவையாக வைத்திருக்கிறேன். நான் மட்டும் சோதிக்கும்போது இரண்டு விநாடியில் பதில் வருகிறது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால், சர்வர் இயங்குகிறதா என்று பார்ப்பதற்கான முகவரிகூட அசைவதில்லை. கோரிக்கைகளைக் கவனிக்கும் வொர்க்கர்களை நான்காக உயர்த்தியதும் ஜிபியு நினைவகம் நிரம்பிச் சேவையே விழுந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: கோரிக்கையை வாங்கும் உங்கள் செயற்கூறு 'ஏசிங்க் டெஃப்' என்று தொடங்கி, அதற்குள்ளேயே பைப்லைனை நேரடியாக அழைக்கிறது என்றே நினைக்கிறேன், நீங்கள் சொல்லும் அறிகுறி அதற்கு உரியது. இப்படிப்பட்ட செயற்கூறுகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஈவென்ட் லூப் ஓர் இழையில்தான் (த்ரெட்) ஓடுகிறது. 'அவெயிட்' என்று காத்திருக்கும் இடத்தில் மட்டுமே அது அடுத்த வேலையைப் பார்க்கும். மாதிரி கணக்கிடும் இரண்டு விநாடியில் அப்படி ஓர் இடமே இல்லாததால், ஒரு வரி பதில் தரவேண்டிய முகவரியும் பத்துப் பேருக்குப் பின்னால், ஏறத்தாழ இருபது விநாடி நிற்கிறது.

வொர்க்கர்களைக் கூட்டியது இயல்பான முயற்சிதான், ஆனால் ஒவ்வொரு வொர்க்கரும் தனக்கென நினைவகம் கொண்டு தனியே ஓடும் பிராசஸ். மாதிரியின் முழுப் பிரதியைத் தானே ஏற்றிக்கொள்ளும். 16 பிட் துல்லியத்தில் உங்கள் மாதிரியின் எடைகளுக்கு, அதாவது அளவுருக்களின் மதிப்புகளுக்கு, மட்டும் 14 ஜிபி வேண்டும். நான்கு பிரதிகளுக்கு 56 ஜிபி.

மாதிரியைச் சேவை தொடங்கும்போது ஒரே முறை ஏற்றி, அதைத் தொடும் உரிமையைத் தனி இழையில் ஓடும் ஒரே பணியாளுக்குக் கொடுங்கள். வலைப்பகுதி கோரிக்கையை ஒரு வரிசையில் போட்டுவிட்டு 'அவெயிட்' செய்து காத்திருக்கட்டும். பணியாள் முடித்ததும் விடையை உரியவரிடம் சேர்க்கட்டும். இந்தப் பிரிவினை வந்தபின் தொகுத்தலும் எளிதாகிறது: முதல் கோரிக்கை வந்ததும் சில மில்லி விநாடி பொறுத்து, அதற்குள் வந்தவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாக மாதிரிக்கு அனுப்பலாம். பதிலின் சொல் துண்டுகளான டோக்கன்களை ஒவ்வொன்றாக உருவாக்கும்போது ஜிபியுவின் நேரம் பெரும்பாலும் எடைகளை நினைவகத்திலிருந்து படிப்பதிலேயே போவதால், ஒரு முறை படித்ததைக் கொண்டு எட்டுப் பேருக்குக் கணக்கிடுவது பெரிய ஆதாயம்.

இதில் ஒரு குறை உண்டு. இருபது டோக்கனில் முடியும் பதில், அதே தொகுப்பிலுள்ள ஐந்நூறு டோக்கன் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும். பதில் முடிந்த கோரிக்கையை உடனே வெளியே விட்டு, புதியதை நடுவிலேயே சேர்க்கும் தொடர் தொகுத்தல் முறை இதைத் தீர்க்கிறது; 2023இல் வெளிவந்த விஎல்எல்எம் போன்ற கருவிகளில் அது உள்ளது. பயன்பாடு வளரும் என்று தெரிந்தால், நீங்களே எழுதிப் பராமரிப்பதைவிட அதற்கு மாறுவதையே நான் பரிந்துரைப்பேன்.

எந்த வழியானாலும் வரிசைக்கு உச்சவரம்பு வையுங்கள். நிரம்பிவிட்டால் 'சேவை இப்போது கிடைக்காது' என்று பொருள்படும் 503 என்ற நிலைக்குறியை உடனே திருப்பி அனுப்புங்கள். ஒரு நிமிடம் காக்க வைத்துக் கைவிடுவதைவிட அதுவே கேட்டவருக்குச் செய்யும் மரியாதை. இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போனவரின் கோரிக்கையை, பணியாள் கையில் எடுக்கும் முன்பே வரிசையிலிருந்து நீக்கிவிடவும் மறக்காதீர்கள்.