கட்டளைகள் மனத்தில் நிற்கவில்லையா? பாண்டிட் விளையாடிப் பாருங்கள்

கேள்வி: பி.காம் முடித்துவிட்டு லினக்ஸ் சர்வர் வேலைக்குத் தயாராகிறேன். யூனிக்ஸ் கட்டளைகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தாலும் இரண்டே நாளில் மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நோட்டை மூடி வையுங்கள். ஓவர்தவயர் குழுவினர் இலவசமாக நடத்தும் 'பாண்டிட்' விளையாட்டைத் தொடங்குங்கள். படம், ஒலி எதுவும் கிடையாது. கறுப்புத் திரை மட்டும்தான். அவர்களுடைய சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் முறை) வழியாக, 2220 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயில் எண்) நுழைய வேண்டும். முதல் பயனர் பெயர் பாண்டிட்0 (bandit0), கடவுச்சொல்லும் அதுவே. அதைத் தட்டும்போது திரையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது, பயப்படாதீர்கள். உள்ளே எங்கோ அடுத்த கட்டத்துக்கான கடவுச்சொல் ஒளிந்திருக்கும். அதைத் தேடி எடுப்பதுதான் ஆட்டம்.

இரண்டாவது புதிரைப் பாருங்கள். கோப்பின் பெயரே வெறும் '-' குறிதான். கோப்பில் உள்ளதைத் திரையில் காட்டும் கேட் (cat) கட்டளையோடு அதைக் கொடுத்தால் எதுவும் நடக்காது, கர்சர் சும்மா மினுக்கிக்கொண்டிருக்கும். கணினி தொங்கிவிட்டதென்று நினைப்பீர்கள். இல்லை, அந்தக் குறிக்கு 'கீபோர்டில் வருவதைப் படி' என்று கேட் பொருள் கொள்கிறது, நீங்கள் தட்டுவதற்காகக் காத்திருக்கிறது. கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியே வாருங்கள். பெயருக்கு முன்னால் ./ சேர்த்தால், இந்த அடைவில் (ஃபோல்டரில்) இருக்கும் கோப்பு என்று அதற்குப் புரிந்துவிடும். இப்படி ஒருமுறை முட்டிக்கொண்டவருக்கு இது மறக்கவே மறக்காது.

பாண்டிட்8-இல் ஒரே ஒரு முறை மட்டும் வரும் வரியைக் கண்டுபிடிக்க வேண்டும். திரும்ப வரும் வரிகளை வடிகட்டும் யூனிக் (uniq) கட்டளை போதுமே என்று தோன்றும். ஆனால் யூனிக் அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும். அதனால் முதலில் சார்ட் (sort) கட்டளையால் வரிசைப்படுத்தி, பைப் (ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்குக் கொடுக்கும் | குறி) வழியாக அதனிடம் அனுப்ப வேண்டும். வேலையில் லாக் கோப்புகளை (சர்வரில் நடந்தவற்றின் பதிவுகளை) அலசும்போது இதே ஜோடி தினமும் கைகொடுக்கும்.

கடவுச்சொற்களை விளையாட்டு சேமித்து வைக்காது, நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், மாட்டிக்கொண்டால் உடனே யூடியூபில் விடை தேடாதீர்கள். அரை மணி நேரமாவது மேன் பக்கத்தை (கட்டளைக்கான கையேட்டை) படியுங்கள். பழகப் பழகத்தான் அதைப் படிக்கவே வரும்.

பாண்டிட்12-இல் ஒரு கோப்பைத் திரும்பத் திரும்பச் சுருக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வோர் உறையாகப் பிரிக்கப் பொறுமை வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள்.