ஜூமில் ஞாயிறு பள்ளி நடத்தும்போது பாட்டு ஏன் குளறுபடியாகிறது? பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது?

எல்லோரும் மைக்கைத் திறந்து சேர்ந்து பாடுவது நடக்காத காரியம். ஒவ்வொரு வீட்டுக் குரலும் கொஞ்சம் பிந்தி வருகிறது. இணைய வேகத்தைக் கூட்டினாலும் தாளம் சேராது. ஒருவர் மட்டும் பாடட்டும், மற்றவர்கள் மியூட்டில் வீட்டிலிருந்தே பாடட்டும். திரையில் பிள்ளைகளின் கைதட்டல் பிந்தித் தெரியும். அதைப் பார்த்துப் பாடுகிறவர் வேகத்தைக் குறைத்தால் பாட்டு இழுத்துக்கொண்டே போகும். திரையைப் பார்க்காமல் பாடுவது நல்லது.

ஆர்மோனியமோ கிட்டாரோ இருந்தால் ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' போடுங்கள். இல்லையென்றால் இசையை இரைச்சல் என்று நினைத்து ஜூம் வெட்டிவிடும். பதிவுசெய்த பாட்டென்றால் திரையைப் பகிரும்போதே 'ஷேர் சவுண்ட்' டிக் வேண்டும். ஊமைப் படம் ஓடுவது பெரும்பாலும் இதனால்தான்.

இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். ஆறேழு வயதுக்கு 25 போதும்: பாட்டு 5, கதை 7, செய்கை 8, மனப்பாட வசனமும் ஜெபமும் 5. லூக்கா 15-இல் உள்ள காணாமற்போன ஆட்டுக் கதையா? முந்தின நாளே பெற்றோரிடம் ஒரு பொம்மையை ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். மேய்ப்பன் 99 ஆடுகளை விட்டுக் கிளம்பும் இடத்தில் பிள்ளைகளும் தேடப் போகட்டும். திரையில் வெறும் நாற்காலிகள் தெரியும்; பதறாதீர்கள், பொம்மையோடு வருவார்கள்.

பிள்ளைகளோடு எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். வெயிட்டிங் ரூம் (நீங்கள் அனுமதித்தால்தான் உள்ளே வர முடியும்) போடுங்கள், ஒருவருக்கொருவர் தனியாகச் செய்தி அனுப்பும் 'சாட்' வசதியை மூடுங்கள், இணைப்பைப் பொதுவில் போடாதீர்கள்.