ஸ்டீம்பங்க் (நீராவியிலும் பித்தளைப் பொறிகளிலும் ஓடும் கற்பனை உலகம்) துப்பறியும் கதைகள் ஏன் பெரும்பாலும் விக்டோரியா கால லண்டனில்? சிலர் சிண்ட்ரெல்லா கதையையும் அதில் சேர்க்கிறார்களே, அங்கே அவளுக்கு என்ன வேலை?

லண்டனில் துப்பறிவாளரும் நீராவியும் ஒரே காலத்தில் வளர்ந்தார்கள், அதுதான் காரணம். நகரக் காவல்துறை துப்பறியும் பிரிவைத் தொடங்கியது 1842இல். 1863இல் பூமிக்கடியில் ரயிலே ஓடியது, அதுவும் நீராவி எஞ்சினில்! கீழே சுரங்கப் புகை, மேலே கேஸ் விளக்கும் மூடுபனியும். கொலைகாரன் ஒளிய வேறென்ன வேண்டும்?

அப்புறம் அதே காலத்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ். அவர் வரைந்துவைத்த கணக்கிடும் இயந்திரம் அவர் காலத்தில் உருவாகவே இல்லை. 1991இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அந்த வரைபடங்களை வைத்துச் செய்து பார்த்தது. கணக்கு சரியாக வந்தது. ‘அன்றைக்கே ஓடியிருந்தால்?’ என்ற கற்பனைக்கு இது போதாதா?

சரி, சிண்ட்ரெல்லா? கிரிம் சகோதரர்கள் சொன்ன கதையில் செருப்பு தங்கம். மாற்றாந்தாயின் மகள் கால்விரலை வெட்டிக்கொண்டு அதற்குள் காலைத் திணிக்கிறாள். ரத்தம் வழிவதைப் புறாக்கள் போட்டுக்கொடுத்துவிடுகின்றன. தடயம், மோசடி, சாட்சி எல்லாம் ஏற்கெனவே தயார். புறாவைப் பித்தளையில் செய்து சாவி கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ‘கோஸி’ வகை, அதாவது வன்முறை குறைந்த இதமான துப்பறியும் கதை என்றால் ரத்தம் குறையும், தேநீர் கூடும்.